வராத பஸ்ஸுக்கு மூன்று கட்டங்கள்

சிரிக்க வைப்பதற்குச் சம்பளம் வாங்குகிற தொழிலில் ஒரே சங்கடம், எதிராளி சிரித்தாரா இல்லையா என்று தெரிந்துகொள்ள வழியே கிடையாது என்பதுதான். மேடையில் பேசுகிறவருக்குக் கைதட்டல் கேட்கிறது. இட்லிக் கடைக்காரர் காலியான தட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார். பத்திரிகையில் கார்ட்டூன் போடுகிறவளுக்கு, மறுநாள் மிர்ச்சி பஜ்ஜி மடித்துக் கொடுத்த தாளில் தன் படம் எண்ணெய் குடித்துத் திரும்பி வருவதைத் தவிர வேறு தகவல் இல்லை. உங்களில் தினமும் சமைக்கிறவர்கள், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவர்கள், யாரும் திறந்து பார்க்காத ரிப்போர்ட்டை வாராவாரம் அனுப்புகிறவர்கள் எல்லோருக்கும் இந்த அவஸ்தை புரியும். கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் கொடுங்கள்.

ஹைதராபாத்தில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில், அடியில், தினமும் மூன்று கட்டம் என்னுடையது. 'நாட் யெட்' என்று பெயர். அதில் ஒரு பஸ் ஸ்டாப். அங்கே ரிட்டயர்டு ஹெட் கிளார்க் ராவ் காரு, டூட்டிக்குப் போகவேண்டிய நர்ஸ் மேரி, யாருடையது என்று தெரியாத ஓர் ஆடு, மூவரும் காத்திருக்கிறார்கள். பஸ் வருவதில்லை. வருகிற வரைக்கும் ராவ் காருவும் மேரியும் ஊர் நடப்பைப் பேசுவார்கள், ஆடு வாய்க்குக் கிடைத்ததைத் தின்னும். எங்கள் நிர்வாகமே தெலுங்கிலும் உருதுவிலும் பத்திரிகை நடத்துவதால், இதே படம் அவற்றிலும் மொழி மாறி வரும்.

ஆக, நான் ஆங்கிலத்தில் வசனம் எழுதி, தெலுங்கில் சண்டை போட்டு, இந்த ஊர் உருதுவான தக்கனியில் திட்டு வாங்கி, இப்போது தமிழில் உங்களிடம் புலம்புகிறேன். எங்கள் குடும்பம் ஆற்காட்டுப் பக்கம். வெள்ளைக்காரன் காலத்தில் கண்டோன்மென்ட் வேலைக்கு வந்து திருமுல்கேரியில் தங்கிவிட்டவர்கள். வீட்டில் பேசுகிற தமிழில் 'இன்னா'வும், ஆமாம் என்கிற தக்கனி 'ஹவ்'வும், வேண்டாம் என்கிற 'நக்கோ'வும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

சத்தம் வந்தால் சரி

போன வருஷம் எங்களுக்குப் புதிய ஆசிரியர் வந்தார். மும்பையில் வியாபாரப் பத்திரிகை நடத்தியவர். நல்ல மனிதர், ஆனால் எதைப் பார்த்தாலும் "இது எதற்கு?" என்று கேட்கிற பழக்கம் உண்டு. ராசிபலனைக் கேட்டார், தங்கம் விலையைக் கேட்டார், ஒருநாள் என்னைக் கூப்பிட்டு என் மூன்று கட்டங்களைக் கேட்டார். "வாசகர்கள் விரும்பிப் படிக்கிறார்கள்" என்றேன். "யார்?" என்றார். இத்தனை வருஷம் யாருக்காக வரைந்தேன் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக யோசித்தேன்.

அவர் கோபப்படவில்லை. ஒரு பரிசோதனை சொன்னார். ஏதோ ஒரு வாரம், முன்னறிவிப்பு இல்லாமல், என் படத்தை நிறுத்துவார். எந்த வாரம் என்று எனக்கும் சொல்ல மாட்டார். மூன்று பத்திரிகையிலும் நிற்கும். படம் எங்கே என்று வாசகர்கள் சண்டைக்கு வந்தால் நான் பிழைத்தேன். வராவிட்டால் அத்தோடு முடிந்தது. பத்திரிகை உலகத்தில் இது பழைய முறைதான், ஆனால் சோதனைக்கு வைக்கிற எலி நாமே என்றால் அந்தப் பழமை ஒன்றும் ஆறுதலாக இல்லை. எழுந்து கதவு வரைக்கும் போனவளிடம் அவர் பணிவாகச் சொன்னார்: "சத்தம் வந்தால் சரி, மேடம். வராவிட்டால் அந்த இடத்தைக் கேட்டு ஒரு வில்லா விளம்பரம் காத்திருக்கிறது."

வீட்டுத் தரக்கட்டுப்பாடு

யார் படிக்கிறார்கள் என்று கண்டுபிடித்தே தீருவது என்று கிளம்பினேன். முதலில் வீடு. என் கணவர் கோயமுத்தூர்க்காரர், பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறார். நாள் முழுக்க மாத்திரையை வெளிச்சத்தில் பிடித்து விரிசல் பார்க்கிற மனிதர். என் படத்தையும் அதே மாதிரி பிடித்துத்தான் பார்ப்பார். முகத்தில் ஒரு கோடு அசையாது. "சிரிப்பு வந்தா ஹவ்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? இன்னாத்துக்கு இப்படி உர்ருனு இருக்கீங்க?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன். அவருக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "நல்லாத்தான இருக்குது அம்மிணி, சிரிப்புந்தான் வருது. மூஞ்சி வரைக்கும் வர மாட்டீங்குது, நான் என்ன பண்ணட்டும்?" என்றார்.

அடுத்தது மகள். ஒன்பதாம் வகுப்பு. நாங்கள் தமிழில் கேட்டால் அவள் தெலுங்கில் பதில் சொல்லுவாள், கோபம் வந்தால் இந்தி. படத்தைக் கையில் கொடுத்தேன். மூன்று கட்டத்தையும் ஒழுங்காகப் படித்தாள். புரிந்ததா என்றேன். பரீட்சைக்குப் பதில் சொல்லுகிற பிள்ளையைப் போல நிமிர்ந்து நின்று சொன்னாள்: "அர்த்தமைந்தி அம்மா. கானீ எந்துக்கு நவ்வாலி?" புரிந்ததாம், ஆனால் எதற்குச் சிரிக்க வேண்டுமாம்.

செய்தியும் நானும்

எங்கள் தொழிலில் படத்தை இரண்டு நாள் முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும். நையாண்டி எழுதுகிறவர்களுக்கு இதில்தான் ஆபத்து, ஏனென்றால் அந்த இரண்டு நாளில் ஊர் நம்மை முந்திக்கொள்ளும். ஒரு தடவை, ஸ்டாப்பில் போட்ட ஒற்றை பெஞ்சுக்குத் திறப்பு விழா என்று வரைந்தேன். ரிப்பன், மாலை, பேண்டு வாத்தியம், பெஞ்சில் உட்காரக்கூடிய ஆட்களைப் போலப் பத்து மடங்கு பிரமுகர்கள். மூன்றாவது கட்டத்தில் எல்லோரும் போன பிறகு பெஞ்சையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள், அடுத்த ஸ்டாப்பில் திறக்க வேண்டுமாம். எனக்கே என் கற்பனை கொஞ்சம் அதிகமோ என்று கூச்சமாக இருந்தது.

படம் அச்சான அன்று, அதே பத்திரிகையின் உள்ளூர்ப் பக்கத்தில் ஒரு போட்டோ. ஏதோ காலனியில் ஒரு பெஞ்சு, அதற்கு ரிப்பன், கத்தரியோடு ஒருவர், அவருக்குப் பின்னால் ஒரு கூட்டம். லாரி மட்டும்தான் இல்லை, அதுவும் போட்டோ எடுத்த பிறகு வந்ததோ என்னவோ. நான் பதறிக்கொண்டு சீஃப் சப்-எடிட்டர் சத்யத்திடம் ஓடினேன். அவர்தான் தினமும் என் படத்தைப் பார்த்துப் பாஸ் பண்ணுகிறவர், வேறு யார் சிரிக்காவிட்டாலும் அவராவது சிரித்திருப்பார் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை. "நான் ஸ்பெல்லிங் மட்டும்தான் பார்ப்பேன்" என்று அதை முதலிலேயே உடைத்தார். பிறகு இரண்டு பக்கத்தையும் மேஜையில் விரித்து மாறி மாறிப் பார்த்துவிட்டு, நிஜமான அக்கறையோடு கேட்டார்: "மேடம், செய்தி கிடைச்சா லோக்கல் பேஜுக்கு அனுப்பணும். கடைசிப் பக்கத்துக்கு ஏன் அனுப்பறீங்க?"

மூன்றாவது வட்டம்

நான் தலைவர்களை நேராக வரைவதில்லை. ஸ்டாப்புக்குப் பின்னால் எப்போதும் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் இருக்கும். அதில் தலைவரின் கும்பிட்ட கை மட்டும் தெரியும், முகம் கட்டத்துக்கு வெளியே போய்விடும். அடியில் வழக்கம்போல வரிசையாகச் சின்னச் சின்ன வட்டங்கள், வாழ்த்துச் சொல்லுகிற தொண்டர்களுக்காக. அந்த வட்டங்களை நான் வெறுமையாக விட்டுவிடுவேன். நம் ஊரில் அந்த வட்டத்துக்காக எவ்வளவு பேர் எவ்வளவு ஓடுகிறார்கள் என்பதுதான் அதில் உள்ள கேலி.

ஒருநாள் ரிசப்ஷனில் என்னைத் தேடி ஆள் வந்திருப்பதாகச் சொன்னார்கள். போனால், வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட், கையில் கனத்த காப்பு, கூட நான்கு பேர். போச்சு, கேலி புரிந்துவிட்டது, இன்றைக்கு நம் கதை முடிந்தது என்று நினைத்தேன். அவர் போனில் என் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். இடமிருந்து மூன்றாவது வட்டம். எங்கள் ஏரியாவில் எந்த பேனர் கட்டினாலும் மூன்றாவது வட்டம் தன்னுடையது என்றும், நான் அதைக் காலியாக விட்டிருப்பதால் தன்னைக் கட்சியிலிருந்து எடுத்துவிட்டார்களோ என்று ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது என்றும் தெலுங்கில் சொன்னார். பயம் போய் எனக்கு ஆவல் வந்தது. "தினமும் என் படத்தைப் படிக்கிறீர்களா?" என்றேன். இல்லையாம், பையன்கள் வாட்ஸாப்பில் அனுப்பினார்களாம். அந்த ஓட்டும் எனக்கு விழவில்லை. கிளம்பும்போது குரலைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டார்: "முகம் எல்லாம் வேண்டாம் மேடம். மீசை மட்டும் வையுங்க, எங்க ஆளுங்க கண்டுபிடிச்சுப்பாங்க."

வலமிருந்து இடமாக

உருதுப் பத்திரிகையில் பக்கம் கட்டுகிறவர், அதாவது செய்தியையும் படத்தையும் அடுக்கிப் பக்கமாக்குகிறவர், கவுஸ் பாய். என் படம் அங்கே போக ஆரம்பித்த முதல் நாள், வசனத்தை உருதுவில் மாற்றினார்கள், கட்டங்களை மாற்ற மறந்துவிட்டார்கள். உருது வாசகர்கள் வலமிருந்துதானே படிப்பார்கள்? என் மூன்றாவது கட்டம் அவர்களுக்கு முதலாவது ஆகிவிட்டது. நான் வரைந்தது இப்படி: 'குடிநீர்க் குழாய் விரைவில் அமையும்' என்று கம்பத்தில் நோட்டீஸ். ராவ் காரு மேரியைக் கூட்டி வருகிறார். அதற்குள் ஆடு நோட்டீஸைத் தின்றுவிடுகிறது. அங்கே அச்சானது: ஆடு நோட்டீஸைத் தின்கிறது. ராவ் காரு மேரியைக் கூட்டி வருகிறார். கம்பத்தில் அதே நோட்டீஸ் புதிதாக ஒட்டியிருக்கிறது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். கவுஸ் பாய் நிதானமாகப் படித்துப் பார்த்துவிட்டு, உல்டாவாகப் படித்தால்தான் நம்ம ஊர் மாதிரி இருக்கிறது என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அன்று முழுக்க எனக்கு என் மேலேயே சந்தேகம்.

மறுநாள் முதல் ஒரேயடியாகப் படத்தையே கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிப் போட ஆரம்பித்தார்கள். வரிசை சரியாகிவிட்டது, ஆனால் ஊரே இடது கைக்கு மாறிவிட்டது. மேரி இடது கையில் ஊசி போடுகிறாள், ராவ் காரு இடது கையால் டீ குடிக்கிறார். ஆட்டுக்கு மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. வாரக் கடைசியில் கவுஸ் பாய் என் மேஜைக்கு வந்து, ஹைதராபாத்தின் பழைய நகரத்திலிருந்து ஒரு வாசகர் போன் செய்ததாகச் சொன்னார். இதை நான் பிற்பாடு புதிய ஆசிரியரிடம் ஆதாரமாகக் கொண்டுபோனபோது, அது கையைப் பற்றிய விசாரணை, படத்தைப் பற்றியது அல்ல என்று ஒதுக்கிவிட்டார். வாசகர் கேட்டது இதுதான்: "ராவ் சாப் வலது கையில் என்ன அடி? டாக்டரிடம் காட்டினாரா?"

ஆட்டுக்கு ஒரு வாரம்

பக்ரீத்துக்கு முந்தின வாரம். ஊரெங்கும் தெருமுனையில் ஆடுகள் கட்டியிருக்கும், பிள்ளைகள் இலை கொடுத்துக்கொண்டிருப்பார்கள். என் ஆடும் வழக்கம்போலத் தேர்தல் போஸ்டர் தின்றுகொண்டு ஸ்டாப்பில் நின்றது. கவுஸ் பாய் கவலையோடு வந்தார். வாசகர் வீட்டுப் பிள்ளைகள் அவருக்குப் போன் பண்ணுகிறார்களாம், நம்ம ஆட்டுக்கு ஒன்றும் ஆகாதே என்று. வேறு ஊருக்கு அனுப்பிவிடலாம் என்றார். "பஸ்தான் வராதே பாய், எதில் அனுப்புவது?" என்றேன். இருவரும் உட்கார்ந்து தீவிரமாக யோசித்தோம். ஒரு தலைமுறை காலமாகப் பக்கம் கட்டுகிறவரும், ஏதோ படம் போடத் தெரிந்தவளும், வேலை நேரத்தில், இல்லாத ஓர் ஆட்டுக்காக. கடைசியில் அதை நிழற்குடையின் கூரைமேல் ஏற்றிவிட்டேன். வாரம் முழுக்க அங்கேயே இருந்தது, கீழே ராவ் காரு தலையில் அவ்வப்போது ஏதாவது விழுந்தது. பண்டிகை முடிந்த மறுநாள் கவுஸ் பாய் தானே வந்து சொன்னார்: "ஹவ் மேடம், இப்போ இறக்கிடுங்க. இனிமே அடுத்த வருஷம் வரைக்கும் டர் நக்கோ, பயமில்லை."

தூங்கிவிட்ட வாசகர்

இவ்வளவு ஆனபிறகும், ஆங்கிலப் பத்திரிகையை விரித்து என் படத்தைப் படிக்கிற ஒரு மனிதரை நான் கண்ணால் கண்டதில்லை. ஆசிரியர் எந்த வாரம் நிறுத்துவாரோ என்ற பயம் வேறு. ஒரு காலை திருமுல்கேரி ஸ்டாப்பில் ஓர் இளைஞர் எங்கள் பத்திரிகையோடு நின்றார். ஐ.டி. கம்பெனி அடையாள அட்டை, முதுகில் பை. கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். கிரிக்கெட் படித்தார். டென்னிஸ் படித்தார். பார்வை கீழே இறங்குகிறது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்க்கிறேன். சரியாக அந்த நேரத்தில் பஸ் வந்தது! இந்த ஊரில் எத்தனையோ நாள் வராத பஸ்.

நான் போகவேண்டிய திசையே இல்லை, இருந்தாலும் அவர் பின்னால் ஏறினேன். எதிர் சீட். தாளை மடித்து மடியில் வைத்தார், என் படம் மேலாகத்தான் இருந்தது, கண்ணை மூடித் தூங்கிவிட்டார். செகந்திராபாத் ஸ்டேஷன் வரைக்கும் ஒரு தூக்கம். இறங்கும்போது அவருக்குப் போன் வந்து தமிழில் பேசியதும் எனக்குத் துணிச்சல் வந்தது. மதுரைப் பக்கமாம். நான் யார் என்று சொல்லாமல், "தம்பி, இந்தப் படம் நல்லா இருக்குமா?" என்றேன். ஒரு தரம் பார்த்துவிட்டுத் தாளை என்னிடமே கொடுத்தார். "இதுவாக்கா? தினம் அதே ஸ்டாப்பு, அதே ஆடு. பஸ் வந்துச்சுன்னா சொல்லுங்க, அன்னைக்குப் படிக்கிறேன்."

அந்த வாரம்

ஒரு திங்கட்கிழமை காலை பத்திரிகையைப் பிரித்தேன். என் இடத்தில் நீச்சல் குளத்தோடு ஒரு வில்லா. எதிர்பார்த்ததுதான், ஆனாலும் நம் வீட்டுக் கதவை நாம் திறக்கும்போது வேறு யாரோ உள்ளே உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தது. அதிலும் ஆசிரியர் பாதி ஜோக்கில் நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமைப் படத்தில், ஏதோ பெரிய வண்டி வருகிற சத்தம் கேட்டு மூவரும் ஒரே பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள், ராவ் காரு குடையை மடிக்கிறார். திங்கட்கிழமைக்கு நான் கொடுத்திருந்ததில், வந்தது பஸ் இல்லை, மந்திரி வரப்போகிற ரோட்டில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற டாங்கர். அந்தப் படம் அச்சாகவே இல்லை.

ஆபீஸுக்குப் போய் டெலிபோன் ஆபரேட்டர் பத்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். போன் வந்துகொண்டே இருந்தது. குறுக்கெழுத்தில் ஒரு கட்டம் தப்பு என்று ஒருவர். தங்கம் விலை தப்பு என்று ஒருவர். வில்லா எந்த ஏரியாவில் என்று ஒருவர். மத்தியானம் வரைக்கும் எனக்காக ஒரு குரல் இல்லை. பத்மா சங்கடத்தோடு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். அந்த டீதான் என்னை அழ வைத்தது. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தவள், அப்புறம் அந்த வாரம் ஆபீஸ் பக்கமே போகவில்லை, போனையும் எடுக்கவில்லை.

வீட்டில் வெறுமனே உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. கை தானாகவே பால் கவரில் ஆடு வரைந்தது. மகள் அதைப் பார்த்துவிட்டுக் கிழிக்காமல் எடுத்து வைத்தாள். வியாழக்கிழமை ஷிஃப்ட் முடிந்து வந்த கணவரிடம், இத்தனை வருஷம் காற்றிலேயே வரைந்திருக்கிறேன், ஒருத்தருக்கும் ஒன்றும் குறையவில்லை என்று கொட்டித் தீர்த்தேன். அவர் சட்டையை மாட்டி வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "அம்மிணி, எங்க மாத்தரையத் தின்னுபோட்டுக் காச்சல் நின்னவங்க ஒருத்தரும் இதுவரைக்கும் கம்பெனிக்குப் போன் பண்ணுனதில்ல."

விசாரிப்புகள்

அடுத்த திங்கட்கிழமை ஆசிரியர் கூப்பிட்டனுப்பினார். மேஜை டிராயரைக் காலி செய்ய ஒரு பையையும் எடுத்துக்கொண்டு போனேன். அறையில் அவரோடு பத்மாவும் கவுஸ் பாயும் நின்றார்கள். ஆசிரியர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு குழப்பம். "புகார் எத்தனை வந்தது என்று கேட்டேன். ஒன்றுகூட இல்லை என்கிறார்கள்" என்றார். நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "புகார்தான் சார் இல்லை. விசாரிப்பு நிறைய இருக்கு" என்றாள் பத்மா. செவ்வாய்க்கிழமையிலிருந்து தொடங்கியதாம். எல்லோரும் சந்தோஷமாகப் பேசினார்களாம், அதனால் அதைப் புகார்க் கணக்கில் அவள் சேர்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டிச் சத்தம். திங்கட்கிழமை ஸ்டாப்பே இல்லை. வாசகர்கள் கூட்டிக் கழித்துப் பார்த்து முடிவுக்கு வந்துவிட்டார்கள்: பஸ் வந்துவிட்டது, மூவரும் ஏறிப் போய்விட்டார்கள்! எந்த பஸ்? ராவ் காருவுக்கு உட்கார இடம் கிடைத்ததா? மேரி டூட்டிக்கு நேரத்துக்குப் போனாளா? ஆட்டைக் கண்டக்டர் ஏற விட்டாரா, அதற்கு டிக்கெட் உண்டா? பட்டான்செரு ஷேர் ஆட்டோவில் இதைப் பற்றி இரண்டு கட்சியாகச் சண்டை போட்டுக்கொண்டதாக ஒருவர் தெரிவித்தாராம். 'அவங்க எங்கே போறாங்கக்கா' என்று மதுரைத் தமிழில் ஒருவர் கேட்டதாகப் பத்மா சொன்னபோது எனக்குள் ஏதோ திக்கென்றது. தினம் அதே ஸ்டாப்பு, அதே ஆடு என்று சொல்வதற்கு அந்தத் தம்பி தினமும் பார்த்திருக்க வேண்டுமே என்பது எனக்கு அதுவரைக்கும் உறைக்கவில்லை. ஒரு பெரியவர் பேடா டப்பாவோடு உருது ஆபீஸுக்கே வந்து, பஸ் வந்ததற்கு முபாரக் சொல்லிவிட்டுப் போனாராம். பேடாவைக் கவுஸ் பாய் சாப்பிட்டு முடித்திருந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பேடாவுக்காக என்று நினைத்து அவர் மன்னிப்புக் கேட்டார்.

இப்போது ஆசிரியரின் கஷ்டத்தைப் பாருங்கள். சத்தம் வந்தால் படம் இருக்கும், வராவிட்டால் போகும் என்பது அவர் போட்ட சட்டம். சத்தமும் வரவில்லை, ஊரும் சும்மா இருக்கவில்லை. கொஞ்ச நேரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மற்ற இருவரையும் அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, மேஜைமேல் குனிந்து கேட்டார்: "என் மனைவியும் தினமும் கேட்கிறாள். உண்மையைச் சொல்லுங்கள், எந்த பஸ் வந்தது?" நான் உண்மையைச் சொன்னேன், அது பஸ்ஸே இல்லை, தண்ணீர் டாங்கர் என்று. மனிதர் அதிர்ந்துபோய்க் கதவு சாத்தித்தான் இருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "டாங்கரா? தயவுசெய்து வெளியே சொல்லிவிடாதீர்கள்! நாளைக்கே ஒரு பஸ் வரையுங்கள்."

வரைந்தேன், ராவ் காருவுக்கு ஜன்னல் சீட், ஆட்டுக்கு அரை டிக்கெட், மூவரும் ஏறி உட்கார்ந்தாயிற்று, பஸ் இப்போது செகந்திராபாத் ஸ்டேஷன் ரோட்டு நெரிசலில் நிற்கிறது, ஆகவே நான் ரிட்டயர் ஆகும் வரைக்கும் கவலையில்லை.